இணையத்தில் பூனைக்கு மட்டும் இத்தனை இடம் ஏன்?

"நன்றி மறக்காதது நாய், மனிதனை ஒட்டிக்கொண்டு திரிவதும் நாய். அப்படியிருக்க, இணையத்தில் எங்கே திரும்பினாலும் பூனைப் படமாக இருப்பது ஏன்? அந்தப் படங்களின் மேல் ஆங்கிலத்தைத் தப்பும் தவறுமாக எழுதிவைப்பதில் என்ன நகைச்சுவை?" என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு கேள்விகள் போலத் தோன்றினாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான்: இணையத்து நகைச்சுவையில் பூனைக்கு என்ன வேலை? அழகாக இருக்கிறது, அதனால் பார்க்கிறார்கள் என்பது பலரும் சட்டென்று சொல்லும் விடை. அது பாதி விடைகூட இல்லை. நான் கல்லூரியில் மொழியியல் கற்பிப்பவன். குறுஞ்செய்தி, அரட்டை, மீம் என்று இலக்கண நூல்கள் கண்டுகொள்ளாத எழுத்து வழக்குகளைத்தான் பல ஆண்டுகளாகக் கவனித்துவருகிறேன். ஜப்பானிய, சீன வழக்குகளை மட்டும் அம்மொழி அறிந்தவர்கள் எழுதியதன் வழியாகவே அறிவேன். எது உறுதி, எது என் ஊகம் என்பதை அந்தந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

பூனைப் படத்துக்கு அடியில் மனிதப் பேச்சை எழுதுவது இணையம் கண்டுபிடித்த வித்தை அல்ல. இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் ஹாரி பாயின்டர் என்ற புகைப்படக்காரர் 1870களிலேயே பூனைகளை மூன்று சக்கர வண்டியில் உட்காரவைத்தும் தேநீர் மேசை முன் நிறுத்தியும் படமெடுத்து, கீழே வேடிக்கையாக ஒரு வரி சேர்த்துச் சிறு அட்டைகளாக விற்றார். அமெரிக்காவில் ஹாரி விட்டியர் ஃப்ரீஸ் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பூனைக்குட்டிகளுக்குச் சட்டையும் தொப்பியும் மாட்டி அஞ்சலட்டைகள் தயாரித்தார். எடிசனின் படப்பிடிப்புக் கூடத்தில் 1894இல் எடுத்த மிகப் பழைய திரைத்துணுக்குகளில் ஒன்று, இரண்டு பூனைகள் கையுறை அணிந்து குத்துச்சண்டை போடுவது. ஜப்பானில் இதற்கு அரசியல் காரணமே இருந்தது. 1840களின் தொடக்கத்தில் அங்கே வந்த தெம்போ சீர்திருத்தங்கள், நாடக நடிகர்களையும் கணிகையரையும் படமாக அச்சிடக் கூடாது என்று தடை விதித்தன. உதாகவா குனியோஷி என்ற ஓவியர் அந்த நடிகர்களைப் பூனைகளாக வரைந்துவிட்டார். வாங்கியவர்களுக்கு எந்தப் பூனை எந்த நடிகர் என்று தெரியும். அதிகாரி கேட்டால் அது வெறும் பூனை.

நம் ஊரிலும் ஒன்று இருக்கிறது. மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசு என்றும் பகீரதன் தவம் என்றும் அழைக்கப்படும் 7ஆம் நூற்றாண்டுப் பெரும் புடைப்புச் சிற்பத்தில், ஒரு பூனை பின்னங்கால்களில் நின்று முன்னங்கால்களைத் தலைக்கு மேல் உயர்த்தித் தவம் செய்கிறது. காலடியில் எலிகள். அதே பாறையில், அதேபோலக் கைகளை உயர்த்தி, ஒற்றைக் காலில் உண்மையான தவசி ஒருவர் நிற்கிறார். போலித் துறவியைக் கேலி செய்யும் பழைய கதைதான் அது. ஆனால் சிற்பி கையாண்ட முறையைக் கவனியுங்கள்: மனிதரின் நிலையைப் பூனைக்குக் கொடுத்து, அருகிலேயே மூலத்தையும் வைத்துவிட்டார். இன்றைய மீமுக்கும் இதற்கும் பரம்பரைத் தொடர்பு எதுவும் இல்லை. அப்படி முடிச்சுப் போடுபவர்களை நம்பாதீர்கள். முறை ஒன்று, அவ்வளவே.

இனி, ஏன் பூனை என்பதற்கு வருகிறேன். பூனையின் முகத்தை நம்மால் சரியாகப் படிக்க முடிவதில்லை என்பது ஏறக்குறைய உறுதியான செய்தி. கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், 85 நாடுகளைச் சேர்ந்த 6,300க்கும் மேற்பட்டோருக்குப் பூனை முகங்களின் காணொளித் துணுக்குகள் 20 காட்டப்பட்டன. அந்தப் பூனை நல்ல மனநிலையில் இருக்கிறதா இல்லையா என்பதுதான் கேள்வி. சராசரி மதிப்பெண் 12கூட இல்லை. பூவா தலையா போட்டுப் பார்த்தாலே 10 வந்துவிடும்! கால்நடை மருத்துவத் துறையினர் ஓரளவு தேறினார்கள். வீட்டில் பூனை வளர்ப்பவர்கள் பெரிதாகச் சோபிக்கவில்லை. அதே ஆண்டில் வெளியான வேறோர் ஆய்வு, புருவத்தின் உட்புறத்தை உயர்த்தும் தசை நாய்களிடம் நன்கு அமைந்திருப்பதையும், அவற்றின் நெருங்கிய உறவான ஓநாய்களிடம் அது மிகச் சொற்பமாகவே இருப்பதையும் காட்டியது. நாய் நம்மைப் பார்க்கும்போது ஏக்கம், குற்றவுணர்வு, மகிழ்ச்சி என்று எதையோ தன் முகத்திலேயே சொல்லிவிடுகிறது. குறைந்தபட்சம் நமக்கு அப்படித் தோன்றுகிறது. பூனை எதையும் சொல்வதில்லை. ஆகவே அதன் சார்பில் நாம் சொல்லலாம். இங்கிருந்து மேலே நான் சொல்வது என் வாதம்: இணைய நகைச்சுவையில் பூனை ஒரு முகமூடி. போட்டுக்கொள்பவர் மனிதர்.

"சிடுசிடு பூனை" என்று உலகமே அறிந்த அமெரிக்கப் பூனையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இயற்பெயர் டார்டர் சாஸ். 2012 செப்டம்பரில் அதன் படம் ரெட்டிட் தளத்தில் ஏறியதும், உலகத்தின் மேல் உள்ள சலிப்பையெல்லாம் ஜனங்கள் அதன் வாயில் போட்டார்கள். "ஒருமுறை மகிழ்ச்சியாக இருந்து பார்த்தேன், பிடிக்கவில்லை" என்கிற வகைப் பேச்சு. உண்மையில் அந்தப் பூனைக்குச் சிடுசிடுப்பு எதுவும் கிடையாது. பிறவிக் குள்ளத்தன்மையாலும் கீழ்த்தாடை அமைப்பாலும் வாயோரங்கள் கீழே இறங்கியிருந்தன. சுபாவத்தில் சாதுவான பூனை என்றுதான் வளர்த்தவர்கள் சொன்னார்கள். 2019 மே மாதம் ஏழு வயதில் அது இறந்தபோது உலகச் செய்தித்தாள்கள் இரங்கல் குறிப்பு எழுதின. அதற்கு முந்தைய ஆண்டில், ஒப்பந்தத்தை மீறி அதன் முகத்தைப் பயன்படுத்திய பான நிறுவனம் ஒன்று 7 லட்சத்து 10 ஆயிரத்து ஒரு டாலர் இழப்பீடு தர வேண்டும் என்று கலிஃபோர்னியாவில் தீர்ப்பாகியிருந்தது. வராத கோபத்துக்கு அத்தனை விலை.

மேசையின் முன் உட்கார்ந்து காய்கறித் தட்டை வெறிக்கும் வெள்ளைப் பூனையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கனடாவைச் சேர்ந்த அதன் பெயர் ஸ்மட்ஜ். விரலை நீட்டிக் கத்தி அழும் ஒரு பெண்ணின் படம் பக்கத்தில் இருக்கும். அந்தப் பெண் 2011இல் ஒளிபரப்பான அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் வந்தவர். பூனைப் படம் 2018இல் வந்தது. இரண்டையும் 2019 மே மாதம் யாரோ ஒட்டினார்கள். இடப்பக்கம் அளவுக்கு மீறிய உணர்ச்சி, வலப்பக்கம் உணர்ச்சியே இல்லாத முகம். அந்த வெறும் முகத்துக்குள் கணவன், அலுவலக ஊழியன், தேர்வில் தோற்ற மாணவன், ஓர் அரசாங்கம் என்று யாரையும் உட்காரவைக்கலாம். தமிழ் மீம்களிலும் அது வேண்டிய மட்டும் வந்தது. மொழிபெயர்க்க எதுவும் இல்லாததால்தான் அவ்வளவு எளிதாக வந்தது.

அடுத்து அந்தப் பிழை ஆங்கிலம். இதற்கு வரலாறு கொஞ்சம் தேவை. 1990களின் இறுதியில் ஜப்பானிய உரையாடல் பலகைகளில், விசைப்பலகைக் குறிகளை அடுக்கியே பூனைகள் வரைந்தார்கள். கிகோ என்றும் மோனா என்றும் பெயர் கொண்ட அவை பெயரில்லாப் பயனர்களின் சார்பில் பேசின. 1999இல் தொடங்கிய 2சானல் அவற்றின் பெரிய இல்லமானது. ஜப்பானியப் பலகை மரபைப் பார்த்து 2003இல் அமெரிக்காவில் 4சான் தோன்றியது. அங்கே சனிக்கிழமைதோறும் பூனைப் படம் போடும் வழக்கம் வந்தது. சனிக்கிழமையின் ஆங்கிலப் பெயரில் பூனையைச் செருகிக் "கேட்டர்டே" என்றார்கள். படத்தின் மேல் தடித்த வெள்ளை எழுத்தில் பூனையின் பேச்சு இருக்கும். 2007 ஜனவரியில், கொழுத்த சாம்பல் நிறப் பூனை ஒன்று நம்மை நிமிர்ந்து பார்த்து "ஐ கேன் ஹேஸ் சீஸ்பர்கர்?" (எனக்கு ஒரு சீஸ்பர்கர் கிடைக்குமா?) என்று கேட்கும் படத்தின் பெயரிலேயே ஒரு தளம் தொடங்கியது, சில மாதங்களுக்குள் அது பெருந்தொழிலாகிக் கைமாறியது. இந்த ஆண்டுகள் எல்லாம் உறுதியானவை. இந்தப் பேச்சுநடையை முதலில் எழுதியவர் இன்னார் என்று யாராவது சொன்னால் மட்டும் சற்றுத் தள்ளி நில்லுங்கள். பெயரில்லாமல் எழுதும் பலகைகளில் பிறந்ததற்கு ஆசிரியர் தேடுவது வீண்.

"ஹேவ்" வர வேண்டிய இடத்தில் "ஹேஸ்" வந்திருப்பதுதான் அந்த வாக்கியத்தின் வேடிக்கை. இதைக் குழந்தை மொழி என்று பலர் எழுதுகிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆங்கிலக் குழந்தைகள் இறந்தகால விகுதியை வேண்டாத வினைகளிலும் ஒட்டிப் பேசுவார்கள். ஆனால் படர்க்கை ஒருமைக்கு உரிய "ஸ்" ஒலியைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்களே தவிர, கண்ட இடத்தில் எல்லாம் சேர்ப்பதில்லை. பூனைப் பேச்சு அதற்கு நேர் எதிரானது. எழுத்துப் பிழைகளும் அப்படித்தான். "தி" என்ற சொல்லின் எழுத்துகள் இடம் மாறி "டெஹ்" ஆவது வேகமாகத் தட்டச்சு செய்பவரின் கைப்பிழை. குழந்தையின் நாப்பிழை அல்ல. "நான் உன் இன்ன இடத்தில் இருக்கிறேன், உன் இன்னதை இன்னது செய்கிறேன்" என்ற வார்ப்பு ஒரு கணினிப் போர் விளையாட்டின் வீராப்பிலிருந்து வந்தது. குளிர்சாதனப் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும் பூனைக்குக் கிடைத்ததும் அது உலகப் புகழ் பெற்றது. ஆக, விளையாட்டுக்காரர், தட்டச்சுக்காரர் என்று பல பேச்சுகளின் கலவை இது. ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்கள் வேண்டுமென்றே செய்த கலவை. இதில் சரி, தவறு உண்டு என்பதுதான் மொழியியலாளருக்குச் சுவையான செய்தி. எப்படி வேண்டுமானாலும் பிழை விட்டால் அது பூனைப் பேச்சு ஆகாது; "இப்படிப் பூனை பேசாது" என்று ஒருவரையொருவர் திருத்திக்கொண்டார்கள்.

வாசகர்கள் கூடி விவிலியம் முழுவதையும் இந்த நடைக்கு மாற்றும் வேலை 2007இல் தொடங்கியது. கூரையின் ஓட்டை வழியே எட்டிப்பார்க்கும் "கூரைப் பூனை"தான் அதில் கடவுள். அதே ஆண்டில் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆடம் லிண்ட்சே "லோல்கோட்" என்ற நிரல்மொழியையே உருவாக்கினார். அதில் எழுதும் நிரல் "ஹாய்" என்று தொடங்கும். இவ்வளவு உழைப்பு பூனையின் மேல் உள்ள அன்பால் மட்டும் வராது. நாங்கள் ஒரே கூட்டத்தார், இந்தக் கேலி எங்களுக்குப் புரியும் என்று காட்டிக்கொள்ளும் அடையாளம் அது. தொழிற்குழுக்களின் குழூஉக்குறியை நம் இலக்கண நூல்கள் அறிந்தே வைத்திருக்கின்றன. இங்கே அது ஒளிக்கப் பயன்படவில்லை, சேரப் பயன்பட்டது. ஆகவே, இந்தப் படங்களைப் பார்த்து இளைஞர்களின் ஆங்கிலம் கெடுகிறது என்ற கவலைக்கு இடமில்லை. விதியை அறிந்தவருக்குத்தான் மீறல் சிரிப்பூட்டும்.

நாய்க்கும் இணையத்தில் மொழி உண்டு. ஜப்பானில் 2010இல் எடுத்த ஷிபா நாய் ஒன்றின் படம் 2013இல் "டோஜ்" என்று பரவியபோது, அதுவும் உடைந்த ஆங்கிலத்தில்தான் மனதுக்குள் பேசியது; பூனையிடமிருந்து கடன் வாங்கியது என்றே நினைக்கிறேன். அதன் பிறகு நாய்களைச் சுற்றி வளர்ந்த செல்லச் சொற்கள் வேறு வகை. அவை நாயைப் பற்றி மனிதர் பேசுபவை. நாய் நல்ல பிள்ளை, மனிதர் அதைக் கொஞ்சுகிறார். பூனையிடம் இந்த வரிசை தலைகீழ். சீன இணையத்தில் பூனை வளர்ப்பவர் தன்னைப் "பூனை அடிமை" என்றும் "மலம் அள்ளும் அதிகாரி" என்றும் அழைத்துக்கொள்கிறார். பூனைக்கு "எசமான்" என்று பெயர். வாடகை வீட்டில் பூனை வளர்க்க வழியில்லாமல் அடுத்தவர் பூனையைத் திரையில் பார்த்துத் திருப்தியடைவதற்கும் அங்கே தனிச் சொல் இருக்கிறது. மேலதிகாரிக்கு எதிராக வாய் திறக்க முடியாத இளைஞர்கள் ஒரு சோம்பேறிப் பிராணியை எசமானாக்கித் தங்களைத் தாங்களே கேலி செய்கிறார்கள் என்பது என் வாசிப்பு. வேறு வாசிப்புகளும் இருக்கலாம்.

சந்தேகத்துக்கு உரிய விடைகளையும் சொல்லிவிட வேண்டும். இணையப் போக்குவரத்தில் இத்தனை சதவீதம் பூனை என்று சுற்றிவரும் எண்களை நம்ப வேண்டாம். எப்படி அளந்தார்கள் என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். பெரிய கண், உருண்டை முகம் கொண்ட எதுவும் நமக்குக் குழந்தையை நினைவூட்டும் என்று விலங்கு நடத்தை ஆய்வாளர் கொன்ராட் லோரன்ஸ் 1943இல் எழுதியதைப் பலர் துணைக்கு அழைக்கிறார்கள். அந்தக் கருத்து நாய்க்குட்டிக்கும் முயலுக்கும் அப்படியே பொருந்தும். பூனை ஏன் என்பதற்கு அது விடையாகாது. நாய் வளர்ப்பவர்கள் பூங்காவில் சந்தித்துக்கொள்கிறார்கள், பூனை வளர்ப்பவர்களுக்குப் பூங்கா இல்லாததால் இணையத்துக்கு வந்தார்கள் என்ற விளக்கம் கேட்க நன்றாக இருக்கிறது. ஓரளவு உண்மையாகவும் இருக்கலாம், ஆனால் சான்று மெலிந்தது. கூகுளின் கணினி 2012இல் "தானாகவே பூனையைக் கண்டுபிடித்தது" என்ற செய்தியையும் அடிக்கடி காட்டுவார்கள். யூடியூபிலிருந்து எடுத்த 1 கோடி படங்களைக் கணினிகளின் 16,000 செயலிக் கருக்களில் (processor cores) ஓட்டிய ஆய்வு அது. பூனை முகத்தைப் போலவே மனித முகத்தையும் மனித உடலையும் அந்தக் கணினி வலையமைப்பு பிரித்தறிந்தது. பத்திரிகைகள் பூனையை மட்டும் தலைப்பில் போட்டன. பூனையின் ஆதிக்கத்துக்கு அது சான்றல்ல. பூனை நல்ல தலைப்பு என்பதற்குத்தான் சான்று.

குனியோஷி செய்ததை இணையமும் செய்கிறது என்பதால் அரசியலையும் விட முடியவில்லை. ஈத்தன் சக்கர்மன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2008இல் "அழகுப் பூனைக் கோட்பாடு" என்று ஒன்றைச் சொன்னார். ஜனங்கள் பூனைப் படம் பகிர்ந்துகொள்ளும் அதே தளத்தில்தான் போராட்டக்காரர்களும் இயங்க வேண்டும். அரசு அதைத் தடை செய்தால் அரசியலில் ஆர்வமே இல்லாதவர்களும் பூனை போச்சே என்று கோபப்படுவார்கள். தணிக்கை எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்பது அவர் வாதம். துனீசியா போன்ற நாடுகளுக்குப் பொருந்திய அந்த வாதம், சொந்தத் தளங்களையும் சொந்தப் பூனைகளையும் வைத்திருக்கும் சீனாவில் எடுபடவில்லை. 2015 நவம்பரில் பெல்ஜியத் தலைநகர் பிரஸ்ஸல்ஸில் வேறொன்று நடந்தது. பயங்கரவாதிகளைத் தேடிக்கொண்டிருந்த காவல்துறை, தன் நடமாட்டத்தைச் சமூக ஊடகங்களில் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது. ஊரடங்கு போல் வெறிச்சோடிய நகரத்தில் மக்கள் அந்தத் தேடுதல் பற்றிய செய்திகளுக்கான குறிச்சொல்லின் (ஹேஷ்டேக்) கீழ் பூனைப் படங்களைக் கொட்டி, பயனுள்ள தகவல் எதுவும் மேலே வராதபடி மூடிவிட்டார்கள். மறுநாள் காவல்துறை ஒரு கிண்ணம் பூனை உணவின் படத்தைப் போட்டு நன்றி சொன்னது. பயத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாமல் ஒரு நகரம் தன் பயத்தைப் பேசியது அன்றைக்கு.

தமிழில் ஏன் பூனை இந்த அளவுக்குத் தலையெடுக்கவில்லை என்று அடுத்து நீங்கள் கேட்கக்கூடும். நம்மிடம் அந்த இடம் காலியாக இல்லை. வடிவேலுவும் கவுண்டமணியும் அதை நிரப்பிவிட்டார்கள். ஆனால் வேலை செய்யும் விதம் வேறு. வடிவேலுவின் முகம் வெறும் முகம் அல்ல. ஒவ்வொரு படத்துக்கும் பின்னால் ஒரு காட்சி, ஒரு வசனம், ஓர் அடி வாங்கல் இருக்கிறது. படத்தைப் பார்த்ததும் வசனம் தானாகக் காதில் விழும். 2019 மே மாத இறுதியில் கான்ட்ராக்டர் நேசமணிக்காக உலகமே வேண்டிக்கொண்டதாகத் தோன்றியபோது, யார் இந்த நேசமணி என்று வெளியார் விசாரிக்க வேண்டியிருந்தது. பூனைக்கு அந்த முன்கதை தேவையில்லை. அதுவே அதன் பலம். கூட்டுநினைவு என்ற ஒன்று அதில் இல்லாததால் அதுவே அதன் பலவீனமும்கூட. தவிர, நம் பழமொழிகளில் பூனை பெரும்பாலும் திருட்டுத்தனத்தின் ஆள். ருத்திராட்சப் பூனை, கண்ணை மூடிக்கொண்டு பால் குடிக்கும் பூனை. அந்தக் குணச்சித்திரம் ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டதால் புதுப்பேச்சு ஏறத் தாமதமாகிறது என்று நினைக்கிறேன். இதற்கு என்னிடம் சான்று இல்லை, அனுமானம்தான்.

"ஹேஸ் சீஸ்பர்கர்" நடை இன்று ஏறக்குறைய வழக்கொழிந்துவிட்டது. இன்று அதில் எழுதுபவர் தம் வயதைக் காட்டிக்கொடுக்கிறார். இப்போதைய ஆங்கிலப் பூனைச் சொற்கள் வேறு: காலை மடக்கி உட்கார்ந்தால் ரொட்டி, பாதத்தின் மென்மேடுகள் அவரைக்கொட்டை. பூனை பேசுவதை நிறுத்திவிட்டது. நாய்க்கு நேர்ந்தது போலவே அதைப் பற்றி நாம் பேசுகிறோம். 2024 வாக்கில் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு உருவாக்கிய பூனைக் குடும்பக் கதைகளும் பெருகிவிட்டன. துரோகம் செய்யும் கணவன் பூனை, மழையில் குட்டியோடு நடக்கும் தாய்ப் பூனை. அழ வேண்டிய இடத்தில் அழுகின்றன, கோபப்பட வேண்டிய இடத்தில் கோபப்படுகின்றன. முகத்திலேயே எல்லாம் எழுதியிருப்பதால் பார்ப்பவர் எழுதுவதற்கு எதுவும் மிச்சமில்லை. என் கணக்கில் அவை பூனை நகைச்சுவையில் சேராது. மாலைநேரத் தொலைக்காட்சித் தொடரில் சேரும்.